அச்சின் கீழ் எழும் ஓசை

நன்றாக ஓடுகின்ற மோட்டார் வண்டி தன்னைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எஞ்சினின் ஒரே சீரான முழக்கமும், தார் வீதியிலே டயர் உராய்கின்ற மெல்லிய இரைச்சலும் ஓட்டுபவருக்குப் பழகிப்போன ஒலிகள். அவற்றை அவர் கேட்டும் கேளாதவராக இருப்பார். ஆனால் ஒரு நாள், மதகொன்றைக் கடக்கும் வேளையிலோ, வீட்டுப் படலையைத் தாண்டி வீதிக்குத் திரும்பும் வேளையிலோ, காலடியில் எங்கோ "டொக்" என்று ஓர் ஓசை எழுகின்றது. மறுநாளும் எழுகின்றது. ஒரு கிழமை சென்றபின் அதைக் கேளாதிருக்க முடிவதில்லை.

இந்த ஓசையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக நடந்துகொள்வார்கள். ஒருவர், வண்டியிலுள்ள வானொலியின் ஒலியைச் சிறிது கூட்டிவிட்டு, நிம்மதியாகப் பயணத்தைத் தொடர்வார். மற்றவர், மனம் பதறி, யார் எதைச் சொன்னாலும் அதைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவார். முன்னவர் உயிரோடு விளையாடுகிறார். பின்னவர் பணத்தோடு விளையாடுகிறார். இவ்விருவருக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. ஓசை எப்பொழுது எழுகின்றது, எங்கிருந்து எழுகின்றது, எதனால் எழுகின்றது என்று ஒழுங்காக விசாரிப்பதே அவ்வழி.

"டொக்" என்னும் ஓசையின் பொருள்தான் என்ன? ஒன்றோடொன்று இறுக்கமாய் இருக்கவேண்டிய இரண்டு உலோகப் பகுதிகளுக்கிடையே இடைவெளி ஏற்பட்டுவிட்டது என்பதே அதன் பொருள். பாரம் ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு மாறும் கணத்தில், ஒரு பகுதி அந்த இடைவெளியைக் கடந்து சென்று மற்றப் பகுதியை அடிக்கின்றது. இடைவெளி இல்லையேல் அடி இல்லை. அடி இல்லையேல் ஓசை இல்லை. ஆகவே ஓசையைத் தேடுவதென்பது உண்மையில் இடைவெளியைத் தேடுவதேயாகும். அந்த இடைவெளியை உண்டாகாமற் காப்பவை மூன்று. முதலாவது றப்பர், இரண்டாவது கிறீஸ், மூன்றாவது போல்ட்டின் இறுக்கம். றப்பர் காய்ந்து வெடிக்கின்றது, கிறீஸ் வற்றி உலோகம் தேய்கின்றது, போல்ட் தளர்கின்றது. அச்சிலும் சஸ்பென்ஷன் எனப்படும் தாங்கமைப்பிலும் எழுகின்ற ஓசைகள் பெரும்பாலானவற்றுக்கு இம்மூன்றில் ஒன்றே காரணமாய் இருக்கும்.

இதனை விளக்குவதற்கு இலங்கையில் எல்லோரும் அறிந்த வண்டியொன்றை எடுத்துக்கொள்வது நலம். அதுதான் மொறிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவான இக்கார், 1948ஆம் ஆண்டில் இலண்டன் ஏர்ல்ஸ் கோட் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாகக் காட்டப்பட்டது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் என்ற பெருமையும் இதற்கே உரியது. 1970களின் தொடக்கத்தில் இதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனினும் கொழும்பிலும், கண்டியிலும், யாழ்ப்பாணத்திலும் இன்றும் இவ்வண்டிகள் ஓடுகின்றன. இதன் உறுப்புக்கள் எளியவை, குனிந்து பார்த்தாற் கண்ணுக்குத் தெரிபவை. ஓசையின் இலக்கணத்தைப் பயில்வதற்கு இதனிலும் நல்ல பாடநூல் கிடைப்பதரிது.

மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் ஒவ்வொரு சில்லும் தனித்தனியே அசையத்தக்கதாய் அமைந்துள்ளது. கீழே ஒரு கை. அக்கையின் உள்முனையிலிருந்து வண்டியின் பின்புறம் நோக்கி நீளுகின்ற ஓர் உருக்குச் சலாகை. சில்லு மேலெழும்போது இச்சலாகை முறுகுகின்றது, தாழும்போது முறுக்கவிழ்கின்றது. வேறு வண்டிகளிற் சுருள் வில் செய்யும் வேலையை இங்கே இம்முறுக்குச் சலாகை செய்கின்றது. மேலேயுள்ள கையோ எண்ணெய் நிரம்பிய அதிர்வுதாங்கியின் கையே. இரண்டு கைகளையும் இணைத்து நிற்பது கிங்பின். அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். டிரனியன் எனப்படும் உலோகக் கூடுகளிலே அம்மரைகள் புகுந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, திருகாணி திரும்புவதுபோலக் கிங்பின் அக்கூடுகளுக்குள்ளே திரும்புகின்றது. பின்பக்கத்தில், குறுக்காகக் கிடக்கும் அச்சை, அடுக்கடுக்கான வில் தகடுகள் இரண்டு பக்கமும் தாங்குகின்றன. யூ வடிவமான போல்ட்டுகள் அச்சையும் தகடுகளையும் சேர்த்துக் கட்டுகின்றன.

இனி ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். தென்மராட்சியிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவரிடம் தந்தையார் காலத்து மொறிஸ் மைனர் ஒன்று. பேத்தியின் திருமணம் திருகோணமலையிலே நடக்கவிருக்கின்றது. பழைய வண்டியிலேயே குடும்பத்தோடு செல்லவேண்டுமென்பது அவருடைய ஆசை. பயணத்துக்கு மூன்று கிழமை இருக்கும்போது "டொக்" என்ற ஓசை தொடங்குகின்றது. இருக்கையின் அடியிலிருந்து வருவதுபோலக் கேட்பதால், பின் அச்சிலேதான் பழுது என்று ஒருவர் சொல்கிறார். பின்பக்க அதிர்வுதாங்கிகளும், அவற்றை இணைக்கும் றப்பர்களும் மாற்றப்படுகின்றன. ஓய்வூதியத்திலே ஒரு பங்கு போகின்றது, ஓசை போகவில்லை. வில் தகடுகளையும் முழுமையாக மாற்றிவிடலாம் என்று மற்றொருவர் ஆலோசனை கூறுகிறார். ஆசிரியர் தயங்குகிறார். கடைசியிலே, பூவரச மரத்தின் கீழ் வேலைத்தலம் வைத்திருக்கும் முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு செல்கிறார்.

அந்த முதியவர் ஸ்பனரைக் கையிலெடுக்கவில்லை. "மாஸ்ரர், சத்தம் எப்போது கேட்கிறது? வண்டி புறப்படும்போதா, பிறேக் பிடிக்கும்போதா, பள்ளத்தில் விழும்போதா, திரும்பும்போதா?" என்று கேட்கிறார். இந்த நான்கு கேள்விகளே இத்துறையின் அரிச்சுவடி. நேயர்கள் இவற்றை மனத்திற் பதித்துக்கொள்வார்களாயின், பாதி வழியைக் கடந்தவர்களாவர்.

கேள்விகளுக்கு விடை தேடுமுன் குற்றமற்றவர்களை விடுவித்துவிட வேண்டும். பின்பெட்டியிலே கட்டாமற் கிடக்கும் ஜக், இறுக்கப்படாத மேலதிகச் சில்லு, தொங்கி ஆடும் புகைக்குழாய், சரியாகப் பூட்டாத கதவு, தளர்ந்த மின்கலம் ஆகிய இவையெல்லாம் அச்சு உடைந்தாற்போல ஓசையெழுப்ப வல்லவை. பின்பெட்டியை வெறுமையாக்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவேதுமில்லை. அதனோடு சில்லுகளின் மரையாணிகளையும் சோதிக்கவேண்டும். மொறிஸ் மைனரிலே ஒரு சில்லுக்கு நான்கு மரையாணிகளே உள்ளன. அவை தளர்ந்திருந்தால், ஓசைக்குப் பின்னால் வருவது சில்லு கழன்று உருள்வதேயாகும்.

இனி முதலாவது கேள்வி. கிளச்சை விட்டு வண்டி புறப்படும் கணத்திலும், ஓடும்போது காலை எடுத்து மறுபடி அழுத்தும் கணத்திலும் ஓசை எழுமாயின், எஞ்சினின் வலுவைப் பின் அச்சுக்குக் கொண்டுசெல்லும் பாதையிலே இடைவெளி உண்டு எனலாம். அப்பாதையில் முதலிற் சந்தேகிக்கத்தக்கவை, நீண்ட சுழல்தண்டின் இருமுனைகளிலுமுள்ள யூனிவேர்சல் மூட்டுக்கள். மெதுவாக ஓடும்போது சில்லின் சுழற்சிக்கு ஏற்பக் "கீச், கீச்" என்ற ஒலியும் சேர்ந்து கேட்டால் சந்தேகம் வலுக்கும். வண்டியை அசையாது நிறுத்திவிட்டுத் தண்டைக் கையாற் பிடித்து இருபுறமும் முறுக்கிப் பார்க்கவேண்டும். மூட்டின் இரு பாதிகளும் ஒன்றாகவே அசைதல் வேண்டும். ஒரு பாதி அசைந்து மற்றப் பாதி அசையாது நின்றால் மூட்டுத் தேய்ந்துவிட்டது. மூட்டு நன்றாயிருந்து, தண்டு மட்டும் சிறிது தூரம் சுழன்று முட்டினால், அந்தத் தளர்வு டிபரன்ஷலின் பற்களிலோ அரைத்தண்டின் முனைகளிலோ இருக்கலாம். பழைய வண்டியிலே அங்கு சிறு தளர்வு இருப்பது இயல்பு. அது நாளுக்கு நாள் கூடுவதே கவலைக்குரியது.

புறப்படும்போது எழும் ஓசைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பின் அச்சைத் தகடுகளோடு கட்டும் யூ போல்ட்டுகள் தளர்ந்திருந்தால், வலு பாயும் கணத்தில் அச்சே சிறிது முறுகி இடம்பெயரும். தகடுகளின் நடுவே ஊடுருவி நிற்கும் நடுப்போல்ட் முறிந்துவிட்டாலோ, அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்துவிடும். அத்தகைய வண்டியைப் பின்னால் நின்று பார்த்தால், நண்டு நடப்பதுபோலச் சரிவாகச் செல்வது தெரியும். போல்ட்டை இறுக்குவது கால்மணி நேர வேலை. இறுக்காது விட்டால் ஓர் அச்சையே இழக்க நேரலாம்.

இரண்டாவது கேள்வி பிறேக்கைப் பற்றியது. பிறேக் பிடித்தவுடன் முன்பக்கத்தில் ஒரேயொரு "டொக்", பிறேக்கை விட்டதும் மற்றுமொரு "டொக்" என்று கேட்குமாயின், கீழ்க்கையை முன்னோக்கிப் பிடித்திருக்கும் இழுசலாகையின் றப்பர்களைப் பார்க்கவேண்டும். பிறேக் பிடிக்கும்போது சில்லு பின்னோக்கித் தள்ளப்படுகின்றது. அத்தள்ளுதலைத் தாங்குவது அச்சலாகையே. அதன் முனையிலுள்ள றப்பர்கள் நசிந்துபோனால், சில்லு முன்னும் பின்னும் நகர்ந்து உலோகத்தோடு உலோகம் மோதும். கீழ்க்கையின் உள்முனையிலுள்ள றப்பர் புஷ் தேய்ந்தாலும் இதே கதைதான். இந்த றப்பர்கள் விலை குறைந்தவை. எண்ணெய் பட்டு ஊறிய றப்பர் விரைவிலே கெட்டுவிடும். ஆதலால் எஞ்சினிலிருந்து எண்ணெய் ஒழுகும் வண்டிகளில் இவற்றை அடிக்கடி பார்ப்பது நன்று.

மூன்றாவது கேள்வி பள்ளங்களைப் பற்றியது. மாரி மழையின் பின் வீதியிலே குழிகள் தோன்றும் காலத்தில்தான் பல வண்டிகள் முதன்முதலாக வாய் திறக்கின்றன. பள்ளத்தில் விழும்போது மட்டும் ஓசை எழுமாயின், அதிர்வுதாங்கிகள் சந்தேகத்துக்குரியவை. வண்டியின் ஒரு மூலையைக் கையால் பலமாக அழுத்தி விட்டுவிடவேண்டும். ஒருமுறை எழுந்து அடங்கினால் நன்று. தொட்டில்போல மேலும் கீழும் ஆடினால் அதிர்வுதாங்கியில் எண்ணெய் இல்லை, அல்லது உள்ளே தேய்ந்துவிட்டது. அதனை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளையும் இறுக்கிப் பார்க்கவேண்டும். மொறிஸ் மைனரிலே முன்பக்க அதிர்வுதாங்கி மேற்கையாகவும் பணிபுரிவதால், அப்போல்ட்டுகள் தளர்வது இரட்டைக் கேடு. வில் தகடுகளின் முனைகளிலுள்ள புஷ்களும், வில்லைத் தொங்கவிடும் சங்கிலிக் கண்ணிபோன்ற தகடுகளும் இவ்வோசைக்குக் காரணமாகலாம். தகடொன்று முறிந்திருப்பின், முறிந்த இடத்தில் துரு மெல்லிய செங்கோடாகத் தெரியும்; வண்டியும் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

நான்காவது கேள்வி திரும்புதலைப் பற்றியது. நான்கிலும் மிகவும் கவனிக்கத்தக்கது இதுவே. ஏனெனில் திரும்பும்போது ஓசையெழுப்பும் உறுப்புக்கள் சில்லைப் பிடித்திருக்கும் உறுப்புக்கள். தென்மராட்சி ஆசிரியர் முதியவருக்கு அளித்த விடையும் இதுதான். "தம்பி, படலையால் வெளிக்கிட்டு ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதுதான் கேட்கிறது, மதகில் ஏறினாலும் கேட்கிறது" என்றார் அவர். அப்படியாயின் இருக்கையின் அடியில் ஓசை கேட்பானேன்? முறுக்குச் சலாகையின் பின்முனை இருக்கைகளின் கீழேயுள்ள குறுக்குச் சட்டத்திலேதான் பொருத்தப்பட்டிருக்கின்றது. முன்சில்லில் விழும் அடி அச்சலாகை வழியே பயணஞ்செய்து இருக்கையின் கீழ் ஒலிக்கும். ஓசை கேட்கும் இடமும் பழுது இருக்கும் இடமும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற நியதியில்லை. முதலில் வண்டியைப் பார்த்தவர் இதனை எண்ணவில்லை.

சோதனைக்கு முன்னர் ஓர் எச்சரிக்கை. ஜக்கின்மேல் மட்டும் நிற்கின்ற வண்டியின் கீழே எவரும் தலையையோ கையையோ நுழைத்தலாகாது. சமதரையிலே வண்டியை நிறுத்தி, தரையில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, உயர்த்திய பகுதியின் கீழ் உறுதியான தாங்கிகளை நிறுத்திய பின்னரே வேலை தொடங்கவேண்டும். செங்கல்லையோ சீமெந்துக் கல்லையோ அடுக்கி நிறுத்துவது தாங்கியாகாது. அவை சொல்லாமற் கொள்ளாமல் நொறுங்குபவை.

முதியவர் முன்சில்லைத் தரையிலிருந்து உயர்த்தினார். சில்லை ஒரு மணிக்கூடாகக் கொண்டு, 12 மணி இருக்கும் இடத்தில் ஒரு கையும், 6 மணி இருக்கும் இடத்தில் மறுகையும் வைத்து, மேலே தள்ளிக் கீழே இழுத்தார். சில்லு ஆடியது, அதே "டொக்" கேட்டது. சில்லு ஆடுவதற்குக் காரணம் பெயாரிங்காகவும் இருக்கலாம், கிங்பின்னாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய எளிய உபாயமொன்று உண்டு. ஆசிரியரை உள்ளே அமர்ந்து பிறேக்கை அழுத்தச் சொல்லி, மறுபடியும் சில்லை ஆட்டினார். பிறேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பழுது பெயாரிங்கில். ஆட்டம் நிற்காவிட்டால் பழுது கிங்பின்னிலும் அதன் கூடுகளிலும். ஆட்டம் நிற்கவில்லை. பின்னர் 3 மணிக்கும் 9 மணிக்கும் கைகளை வைத்து இடம் வலமாக அசைத்தார். அது ஸ்டியரிங் தண்டுகளின் முனைகளைச் சோதிப்பதற்கு. அங்கு தளர்வு எதுவும் தென்படவில்லை. விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தபோது, சில்லு அசையும் போதெல்லாம் கீழ் டிரனியனுக்குள்ளே கிங்பின் எழுந்து தாழ்வது தெரிந்தது.

அதன் கிறீஸ் நிப்பிளைத் துடைத்துப் பார்த்தால், பழைய வர்ணப்பூச்சும் சேறும் அதன் துளையை அடைத்திருந்தன. கிறீஸ் ஏற்றியவர்கள் ஏற்றியதாகவே எண்ணினார்கள். கிறீஸ் வெளியே வழிந்ததேயன்றி உள்ளே செல்லவில்லை. உலர்ந்த மரையோடு மரை உராய்ந்து தேய்ந்து, கத்தி முனைபோல மெலிந்துவிட்டது. முன்பக்கத்தின் ஒரு மூலைப் பாரம் முழுவதும் அந்த மெலிந்த மரையின்மேலேயே தங்கியிருந்தது.

மரை முழுதும் தேய்ந்தபின் நடப்பது யாதெனில், கிங்பின் டிரனியனை விட்டுக் கழன்றுவிடும். சில்லு மடிந்து வீழ, வண்டியின் முன்மூலை தரையில் மோதும். ஸ்டியரிங்கும் பயன்படாது. அது படலை வாசலிலே நிகழ்ந்தால் நல்லூழ். முகப்புப் பகுதி நசிவதோடு போய்விடும். குடும்பத்தோடு திருகோணமலை வீதியிலே, எதிரில் லொறி வரும்போது நிகழ்ந்தால் என்னாகும் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த "டொக்" என்ற ஓசை, வண்டி மூன்று கிழமையாகச் செய்து வந்த முறைப்பாடு. பின் அச்சிலே தேடியவர்கள் அதனைப் பிழையான வாசலிலே விசாரித்தார்கள், அவ்வளவே. டிரனியனும் கிங்பின்னும் மாற்றப்பட்டன. இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் ஒன்றுக்கொன்று மாறான திசையில் வெட்டப்பட்டவை. ஆதலால் வாங்கும்போது எந்தப் பக்கத்துக்குரியது என்று பார்த்து வாங்குதல் அவசியம். ஆசிரியர் உரிய நாளிலே புறப்பட்டார்.

இத்தகைய தேய்வைத் தடுக்கும் மருந்து கிறீஸ் ஒன்றே. ஏறத்தாழ 1000 மைலுக்கு, அதாவது 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மேலும் கீழுமுள்ள நிப்பிள்களைத் துடைத்துக் கிறீஸ் ஏற்றுதல் நன்று. அப்பொழுது சில்லைத் தரையிலிருந்து உயர்த்திவிட வேண்டும். பாரம் அழுத்திக்கொண்டிருக்கும் மரைகளுக்கிடையே கிறீஸ் எளிதிற் புகாது. பழைய கிறீஸ் கறுத்து வெளியே வரும் வரை ஏற்றவேண்டும். வராவிட்டால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தஞ் செய்ய வேண்டும்.

இன்று வீதிகளிலே ஓடும் யப்பானியக் கார்கள் பலவற்றில் எஞ்சினின் வலு முன்சில்லுகளுக்கே செல்கின்றது. அவற்றில் கிறீஸ் நிப்பிள்களும் அரிது. ஆனால் நான்கு கேள்விகளும் மாறவில்லை. ஸ்டியரிங்கை முழுதும் திருப்பி வண்டியை நகர்த்தும்போது "டக், டக், டக்" என்று தொடர்ந்து ஒலித்தால், முன் தண்டின் வெளிமூட்டுத் தேய்ந்திருக்கும். பெரும்பாலும் அம்மூட்டை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்து, கிறீஸ் வெளியேறி, மணல் உள்ளே புகுந்ததே காரணமாயிருக்கும். சிறு சிறு மேடுபள்ளங்களில் மெல்லிய தட்டொலி கேட்டால், இருபக்கத்து சஸ்பென்ஷனையும் இணைக்கும் சமநிலைச் சலாகையின் சிறு இணைப்புக்களைப் பார்க்கலாம். கீழ்க்கையின் குண்டுமூட்டிலே தளர்வு கண்டால் தாமதிக்கலாகாது. மொறிஸ் மைனரின் டிரனியனைப் போல, புதிய வண்டியிலே சில்லைப் பிடித்திருப்பது அதுவே.

யாழ்ப்பாணத்து மக்களுக்கு இக்கலை புதிதன்று. 1990இல் ஏ9 பாதை மூடப்பட்டபின், புதிய வண்டிகளும் உதிரிப்பாகங்களும் பெற்றோலும் எளிதிற் கிடையாத ஆண்டுகளிலே, மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரை மருத்துவமனைக்கும், மணமக்களைக் கோயிலுக்கும் அவையே கொண்டுசென்றன. புதியது பூட்டலாம் என்று சொல்வதற்கு அன்று வழியிருக்கவில்லை. எந்த உறுப்பு உண்மையிலே கெட்டது என்று கண்டறிந்து, அதை மட்டும் செப்பனிட வேண்டியிருந்தது. மெக்கானிக்கின் காதும் கையுமே அன்று பெருஞ் செல்வமாய் விளங்கின.

ஆகவே ஓசை கேட்டால் நேயர்கள் செய்யத்தக்கது சிலவே. எப்பொழுது கேட்டது என்பதை ஒரு கடதாசியிலே குறித்து வைக்கவேண்டும். புறப்படும்போது, பிறேக் பிடிக்கும்போது, பள்ளத்தில், திருப்பத்தில் என்ற நான்கில் எது என்று மெக்கானிக்கிடம் சொல்லவேண்டும். முடியுமாயின் அவரைப் பக்கத்தில் அமர்த்தி, ஓசை எழும் வீதியிலே ஒருமுறை ஓட்டிக் காட்டவேண்டும். காரணத்தைக் கண்ணாற் காட்டாமல் பாகம் மாற்றச் சொல்பவரிடம், "எங்கே தளர்வு, ஒருமுறை காட்டுங்கள்" என்று கேட்பதில் தவறில்லை. ஓசையோடு ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தாலோ, சில்லு சாய்ந்து நின்றாலோ, திடீரென ஓசை வலுத்தாலோ, அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட வேண்டும். வீடு அண்மையில்தானே என்று ஓட்டலாகாது.

தென்மராட்சி ஆசிரியரின் வண்டியிலே கெட்டது ஒரு மரைக்கூடு. கெடுத்தது நிப்பிளை அடைத்த ஒரு துளி வர்ணப்பூச்சு. வண்டி அதைத் தன்னால் இயன்ற மொழியிலே மூன்று கிழமை சொல்லிக்கொண்டிருந்தது. செவிமடுத்தவர் ஒருவர் இருந்தமையால் திருமண வீட்டுக்கு எல்லோரும் நலமே போய்ச் சேர்ந்தனர்.